அட்டாலியில் கிடக்கும் பெட்டிக்கு எதற்குக் கண்காட்சி?

கோயமுத்தூரில் நடந்த ஒரு குழுக் கண்காட்சிக்கு எங்கள் மாமாவைக் கூட்டிக்கொண்டு போனேன். 'நினைவு' என்பது தலைப்பு. ஏழெட்டு ஓவியர்கள், சிற்பிகள், கூடவே இரண்டு புகைப்படக்காரர்கள். மாமா திருப்பூரில் 30 வருஷத்துக்கு மேல் பனியன் கம்பெனிகளில் இருந்தவர், செக்கிங்கில் ஆரம்பித்துக் கடைசியில் புரொடக்‌ஷன் வரைக்கும் பார்த்தவர், கலைக்கூடம் என்று ஒன்றுக்குள் அன்றைக்குத்தான் முதல்முறையாகக் காலை வைக்கிறார். நுழைந்ததும் எதிரிலேயே ஒரு தகரப் பெட்டி. பாதி திறந்த மூடி, உள்ளே பழைய ரேஷன் கார்டு, மங்கிப்போன பள்ளிக்கூடச் சான்றிதழ், ஒரு ஆளின் முகத்தை மட்டும் கத்தரித்து எடுத்துவிட்ட குடும்பப் படம். மாமா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு என் காதருகே வந்து, "ஏங்கண்ணு, இது நம்மூட்டு அட்டாலியில கெடக்கற பொட்டிதானே? இதைப் பாக்கறதுக்கா பெட்ரோலைப் போட்டுட்டு இத்தனை தூரம் வந்தோம்?" என்றார். அட்டாலி என்றால் எங்கள் பக்கத்தில் பரண்.

கேள்வி நியாயமானது. கலைக்கூடத்துப் பக்கம் போய்ப் பழகியவர்கள் இதைக் கேட்கக் கூச்சப்படுவார்கள், மாமாவுக்கு அந்தக் கூச்சம் கிடையாது, அவ்வளவுதான். கொஞ்ச வருஷமாகவே எங்கே குழுக் கண்காட்சி போட்டாலும் நினைவு, ஞாபகம், மறதி, வேர், வீடு என்று ஒரே குடும்பத்துச் சொற்கள்தான் தலைப்பாக வருகின்றன. அது ஏன் அப்படி, அதில் எது சரக்கு, எது சும்மா, கொங்குப் பக்கத்து ஆட்களாகிய நமக்கு அதில் என்ன இருக்கிறது என்று மாமாவிடம் காரில் பாதி சொன்னேன். மீதி இங்கே.

முதலில் குழுக் கண்காட்சி எப்படி உருவாகிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும். தனிக் கண்காட்சி என்றால் ஒரு ஆள், அவருடைய நாலைந்து வருஷத்து வேலை, வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தால் அவர் எங்கே ஆரம்பித்து எங்கே வந்து நிற்கிறார் என்று பிடிபடும். குழுக் கண்காட்சியில் நடுவே இன்னொரு ஆள் இருக்கிறார், கியூரேட்டர். ஒரு சொல்லையோ கேள்வியையோ எடுத்துக்கொண்டு, அதற்கு யார் யாருடைய வேலை பொருந்தும் என்று தேடி, எதற்குப் பக்கத்தில் எதை மாட்டுவது, எதற்கு எவ்வளவு வெளிச்சம், உள்ளே வருகிறவர் கண்ணில் முதலில் எது பட வேண்டும் என்பது வரைக்கும் முடிவு செய்கிறவர் அவர்தான். கல்யாணப் பந்தியில் யாருக்குப் பக்கத்தில் யாரை உட்கார வைப்பது என்று பெரியப்பா ஒருத்தர் நின்று பார்த்துக்கொண்டிருப்பாரே, கிட்டத்தட்ட அந்த வேலை. பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பங்காளிகளை அடுத்தடுத்த இலையில் உட்கார வைத்தால் பந்தியே வேறு மாதிரி ஆகிவிடும். நல்ல கியூரேட்டர் சில சமயம் வேண்டுமென்றே அப்படிச் செய்வார்.

இதெல்லாம் ஒழுங்காக நடந்தால். நடைமுறையில் பல இடங்களில் தலைப்பு கடைசியில்தான் வருகிறது. கையில் பத்துப் பேருடைய படங்கள் இருக்கும், ஹால் கிடைத்துவிடும், அழைப்பிதழ் அடிக்க ஒரு பெயர் வேண்டும், அப்போது 'நினைவு' மாதிரி வசதியான சொல் வேறு இல்லை, எலாஸ்டிக் வைத்த டிராயர் போல எந்த இடுப்புக்கும் பொருந்தும். கோயில் கோபுரம் வரைந்தவரும் நினைவுதான், வெறும் நீலத்தைப் பூசியவரும் நினைவுதான். இதைக் கண்டுபிடிக்க நான் ஒரு சின்ன வேலை செய்வேன். தலைப்பை மனசுக்குள் 'நிலம்' என்றோ 'அடையாளம்' என்றோ மாற்றிவைத்துக்கொண்டு ஒரு சுற்று வருவேன். எதுவுமே இடிக்கவில்லை என்றால் அந்தக் கண்காட்சிக்குத் தலைப்பே இல்லை என்று அர்த்தம். அப்புறம் தலைப்பை மறந்துவிட்டுத் தனித்தனிப் படமாகப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான், அதிலும் நல்லது நாலு கிடைக்கும்.

சரி, உண்மையிலேயே நினைவைப் பற்றி யோசித்துச் செய்த கண்காட்சி என்றால் அதற்கு ஏன் பல பேர் தேவைப்படுகிறார்கள்? நினைவு என்பதை ஒரு தனி ஆளின் மண்டைக்குள் நடக்கிற காரியமாகத்தான் நாம் எடுத்துக்கொள்கிறோம். மொரீஸ் ஹால்ப்வாக்ஸ் என்ற பிரெஞ்சு சமூகவியலாளர் 1925ல் எழுதிய நூலில் வேறு விதமாகச் சொன்னார்: குடும்பம், மதம், தொழில், ஊர் என்று நாம் சேர்ந்திருக்கும் கூட்டங்கள்தான் நம் ஞாபகத்துக்குச் சட்டம் அடித்துக் கொடுக்கின்றன, சட்டம் கழன்றால் தனி ஆளின் ஞாபகமும் நிற்காது. (அவர் 1945ல் நாஜிகளின் புஹன்வால்ட் முகாமில் இறந்தார்.) எழவு வீட்டில் உட்கார்ந்து பழகிய நமக்கு இதைப் பெரிதாக விளக்கத் தேவையில்லை. செத்துப்போனவர் மாடு வாங்கிய கதையை ஒருத்தர் ஆரம்பிப்பார், "அது பவானியில இல்லீங்க, அந்தியூர்ச் சந்தையில" என்று இன்னொருத்தர் திருத்துவார், மூன்றாவது ஆள் மாட்டின் விலையைச் சொல்லுவார், உள்ளேயிருந்து ஒரு பாட்டி அந்தப் பணம் யாருடைய நகையை விற்று வந்தது என்று ஒரு குரல் கொடுப்பார், திண்ணை கொஞ்ச நேரம் கப்பென்று ஆகிவிடும். அந்தக் குரலும் சேர்ந்தால்தான் கதை முழுசு. நினைவைப் பற்றிய குழுக் கண்காட்சியில் நான் தேடுவது அந்த உள்வீட்டுக் குரலைத்தான்.

கதை கைமாறும்போது என்ன ஆகிறது என்பதையும் ஒருத்தர் சோதித்துப் பார்த்திருக்கிறார். கேம்பிரிட்ஜில் இருந்த உளவியலாளர் பிரெடெரிக் பார்ட்லெட், வட அமெரிக்கப் பழங்குடி மக்களின் கதை ஒன்றை ஆங்கிலேயர்களுக்குக் கொடுத்துப் படிக்கச் சொல்லி, பிற்பாடு திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார். தங்களுக்குப் புரியாததை அவர்கள் விட்டுவிட்டார்கள், அந்த ஊர்த் துடுப்புத் தோணி சாதாரணப் படகாக மாறிவிட்டது, அவரவர் ஊர் நியாயம் கதைக்குள் நுழைந்துவிட்டது. 1932ல் இதைப் புத்தகமாகவும் போட்டார். ஞாபகம் என்பது பீரோவில் மடித்துவைத்த துணியை எடுப்பது போல இல்லை, ஒவ்வொரு தடவையும் புதிதாகத் தைப்பது போலத்தான் என்று அதிலிருந்து ஆகிறது. நம் அண்ணன்மார் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். உடுக்கையடித்து இரவிரவாகப் பாடுகிற பொன்னர் சங்கர் கதை கொங்கில் ஊருக்கு ஊர் வேறு, பாடகருக்குப் பாடகர் வேறு. 1960களில் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கி ஆய்வு செய்த மானிடவியலாளர் பிரெண்டா பெக் இந்தக் கதையை ஒலிநாடாவில் பதிவு செய்தார், பாடும்போது வருகிற கதையையும் சொல்லி எழுதவைக்கும்போது வருகிற கதையையும் ஒப்பிட்டு எழுதியும் இருக்கிறார். அண்ணன்மார் பக்கம் நின்று கேட்டால் ஒரு கதை, அவர்களுடைய எதிரி தலையூர்க் காளி பக்கம் நின்று கேட்டால் இன்னொரு கதை. அண்ணன்மார் களத்தில் விழுந்ததை நிகழ்த்திக் காட்டும் படுகளத்தன்று ஆட்கள் நிஜமாகவே விழுந்து கிடந்து எழுகிறார்களே, அந்த இடத்தில் நினைவு கேட்கிற விஷயமாக மட்டும் இல்லாமல், உடம்பால் செய்கிற காரியமாகிவிடுகிறது. நிகழ்த்துக்கலை என்று இன்றைக்குக் கலைக்கூடங்களில் செய்வதைப் பார்த்துவிட்டு "இதென்ன கூத்து" என்று சிரிக்கிற நம்மாட்கள் படுகளத்தைப் பார்த்துச் சிரிப்பதில்லை.

இனி அந்தத் தகரப் பெட்டிக்கு வருகிறேன். அதற்கு ஒரு வம்சாவளி உண்டு. இரண்டாம் உலகப் போருக்கு அப்புறம், அத்தனை பேர் கொல்லப்பட்டதை எண்ணெய் வண்ணத்தில் வரைந்து சட்டம் போட்டு மாட்டுவதில் என்னவோ தப்பு இருக்கிறது என்று ஐரோப்பியக் கலைஞர்கள் பலருக்குத் தோன்றியது. நடந்ததை வரையாமல், மிஞ்சிக் கிடப்பதை எடுத்துவைத்தார்கள். அதில் கிறிஸ்தியான் போல்தான்ஸ்கி முக்கியமான ஆள். 1944ல் பாரிஸில் பிறந்தவர், யூத வம்சத்தவரான அவருடைய அப்பா ஜெர்மானிய ஆக்கிரமிப்புக் காலத்தில் வீட்டுத் தரைக்கு அடியில் ஒளிந்திருந்தவர். போல்தான்ஸ்கி துருப்பிடித்த பிஸ்கட் தகர டப்பாக்களைச் சுவர் மாதிரி அடுக்குவார், முகம் தெரியாத அளவுக்குப் பெரிதாக்கிய பழைய புகைப்படங்களை ஒட்டுவார், மேலே மங்கலாக ஒரு பல்பு எரியும். டப்பாவுக்குள் என்ன என்று திறந்து பார்க்க முடியாது. கோவையில் பார்த்த பெட்டி அதற்கு ஒன்றுவிட்ட தம்பி. என்ன, நம் பெட்டியின் மூடியைத் திறந்து எல்லாவற்றையும் காட்டிவிட்டார்கள், அதனால்தான் மாமாவுக்கு அட்டாலி ஞாபகத்தைத் தாண்டி எதுவும் வரவில்லை என்று நினைக்கிறேன்.

போல்தான்ஸ்கி 2010 ஜனவரியில் பாரிஸின் கிராண்ட் பாலேயில் செய்த வேலையின் படத்தை மாமாவுக்கு போனில் காட்டினேன். பிரம்மாண்டமான கூடம், தரை முழுக்கப் பழைய துணிகள் கட்டம் கட்டமாக விரித்துக் கிடக்கும், கோடியில் மலை மாதிரி ஒரு துணிக்குவியல், அதன் மேல் ஒரு கிரேன், அதன் இரும்புக் கை வந்து ஒரு பிடி துணியை அள்ளித் தூக்கி மறுபடி கீழே விடும், யாரை எடுக்கும் யாரை விடும் என்று கணக்கே இல்லாமல். குளிர்காலத்தில் கூடத்துக்கு வெப்பம் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார், பார்க்க வந்தவர்கள் நடுங்கிக்கொண்டேதான் பார்க்க வேண்டும். மாமா படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். "காதர்பேட்டையில செகண்ட்ஸ் கொட்டி வெச்ச மாதிரி இருக்குது" என்றார், திருப்பூர்த் துணிச் சந்தையைச் சொல்லி. நான் சிரித்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "ஆனா இது போட்டுக் கழட்டுன துணி. புதுத்துணி குமிஞ்சா இப்பிடி விழுகாது, ஒடம்பு இருந்த துணிதான் இப்பிடித் துவண்டு கெடக்கும்" என்றார்.

அந்த வேலையைப் பற்றி எவ்வளவோ படித்திருக்கிறேன், துணி விழுகிற விதத்தை யாரும் இப்படிச் சொல்லி நான் படித்ததில்லை. 30 வருஷம் துணியைத் தொட்டுத் தொட்டுத் தேய்ந்த விரல் பேசுகிறது. படம் புரியவில்லை என்று சொல்கிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன், உங்கள் தொழில் எதுவோ அதை வாசலில் கழற்றி வைக்காமல் உள்ளே போங்கள், செருப்பைக்கூடக் கழற்றத் தேவையில்லை.

இதே வழியில் போனவர்கள் நிறைய. கொலம்பியாவின் டோரிஸ் சால்செதோ, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் செருப்புகளைச் சுவரில் குடைந்த மாடங்களில் வைத்து, மேலே மாட்டின் சவ்வை இழுத்துக் கட்டி, அறுவை சிகிச்சை நூலால் தைத்துவிட்டார், செருப்பு தெரியும், தெளிவாகத் தெரியாது. லண்டனின் கிழக்குப் பகுதியில் வரிசை வீடுகளை இடித்தபோது மிஞ்சி நின்ற ஒரு வீட்டுக்குள் ரேச்சல் வைட்ரீட் கான்கிரீட்டை நிரப்பி, வெளிச்சுவரைப் பெயர்த்து எடுத்தார். வீட்டுக்குள் இருந்த வெற்றிடம் கல்லாக நின்றது, கதவுக் குமிழ் இருந்த இடம் குழியாக. 1993 அக்டோபர் கடைசியில் திறந்தார்கள், 1994 ஜனவரியில் நகராட்சி இடித்துவிட்டது. மூன்று மாசம்கூட நிற்கவில்லை. ஊரில் பாட்டன் வீட்டை இடித்தபோது பக்கத்து வீட்டுச் சுவரில் நம் சமையற்கட்டின் புகைக்கறை மட்டும் கொஞ்ச நாள் ஒட்டிக்கொண்டிருக்குமே, அதைப் பார்த்திருந்தால் வைட்ரீட் என்ன செய்தார் என்று புரியும்.

ஐரோப்பாவுக்கு யுத்தம் என்றால் நமக்குப் பக்கத்தில் பிரிவினையும் ஈழமும். அலிகாரில் 1937ல் பிறந்த சரீனா, குடும்பம் பாகிஸ்தானுக்குப் போய்விட, தான் ஊர் ஊராகச் சுற்றியவர், 1999ல் 36 மரச்செதுக்கு அச்சுகளாக ஒரு வரிசை செய்தார். ஒவ்வொரு தாளிலும் ஓர் உருதுச் சொல்: வீடு, வாசற்படி, இப்படி. சொல்லுக்குப் பக்கத்தில் நாலைந்து கோடுகள்தான். அதைப் பார்த்த அன்றைக்கு ராத்திரி நான் சும்மா ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன்: திண்ணை, ஆசாரம், களம், கட்டுத்தரை, பொடக்காளி. என் மகளுக்கு இதில் ஒன்றுதான் தெரியும்.

யாழ்ப்பாணத்தின் தா. சனாதனன் செய்தது நமக்கு இன்னும் நெருக்கம். போரில் வீட்டை விட்டு ஓடியவர்களிடம் போய், விட்டுவந்த வீட்டின் தரைப்படத்தை ஞாபகத்திலிருந்து வரையச் சொன்னார். கட்டடம் வரையத் தெரிந்தவர்களை வைத்து அவற்றை முறையான வரைபடமாக ஆக்கி, அவரவர் சொன்ன கதையையும் தன்னுடைய ஓவியத்தையும் சேர்த்து 2011ல் 'இன்கம்ப்ளீட் தோம்பு' என்று புத்தக வடிவில் வந்தது. தோம்பு என்றால் டச்சுக்காரர் காலத்து நிலப்பதிவேடு. பத்திரம் தொலைந்துபோனவனின் கையில் மிஞ்சிய பத்திரம் இது. ஒரு அம்மா வரைந்தால் கிணறு வீட்டை விடப் பெரிதாக இருக்கலாம், அதை யாரும் திருத்த முடியாது. சர்வதேசக் கலைவிழாவான கொச்சி பியனாலேயில் 2016ல் அவர் பழைய நூலக அட்டைப் பெட்டிகளைப் போல இழுப்பறைகள் வைத்த ஒரு அலமாரி செய்திருந்தார், இழுத்தால் அட்டைகளில் போர்க்காலத்து அனுபவங்கள். 1981ல் எரிந்த யாழ் நூலகம் நினைவுக்கு வராமல் அந்த இழுப்பறையை ஒரு தமிழர் இழுக்க முடியாது.

கொச்சி என்றதும் ஒரு விஷயம். கோவையில் காலையில் ரயில் ஏறினால் மத்தியானத்துக்குள் போய்விடலாம், நம் ஆட்கள் குருவாயூருக்கும் ஆலப்புழைக்கும் போகிறோம், பியனாலே நடக்கிறபோது ஃபோர்ட் கொச்சியில் ஆஸ்பின்வால் ஹவுஸுக்குள் எட்டிப் பார்க்கிறவர்கள் குறைவு. 2012 டிசம்பர் 12ல் ஆரம்பித்த அந்தப் பியனாலேயின் முழுப்பெயரிலேயே சங்ககாலத் துறைமுகமான முசிறி இருக்கிறது. முதல் பியனாலேயில் விவான் சுந்தரம், முசிறி இருந்ததாகச் சொல்லப்படும் பட்டணம் என்ற கேரளச் சிற்றூரில் தோண்டியெடுத்து ஆய்வுக்கு வேண்டாமென்று ஒதுக்கிய பானை ஓடுகளைக் கொண்டு தரையில் ஒரு முழு நகரத்தையே அமைத்திருந்தார், நடுவே மிளகு. கறுப்புத் தங்கம் என்று பெயர். அதைப் பார்க்கிற கொங்குக்காரருக்கு அந்த ஓட்டில் ஒரு பங்கு உண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக முசிறிக்குப் போன பாதையில்தான் நம் கொடுமணல் இருக்கிறது, பதிற்றுப்பத்து கொடுமணம் என்று சொல்லும் ஊர், சென்னிமலைப் பக்கம், நொய்யல் கரை. கல்மணி செய்த பட்டறைகளும் ஈமக்குழிகளும் ஆதன் போன்ற பெயர்களைக் கீறிய பானை ஓடுகளும் அங்கே கிடைத்திருக்கின்றன. தன் சட்டியில் தன் பேரைக் கீறி வைத்த ஆள்! நம் அம்மாக்கள் பாத்திரத்தில் பேர் வெட்டினார்களே, அதே காரியம். அதே நொய்யல் பக்கம் வெள்ளலூரில் 1842லேயே ரோமானிய நாணயப் புதையல் கிடைத்தது. இன்றைக்குக் கோயமுத்தூர்க்காரரிடம் வெள்ளலூர் என்று சொன்னால் மூக்கைப் பொத்திக்கொண்டு குப்பைக் கிடங்கு என்பார். நாணயமும் குப்பையும் ஒரே ஊரில்: யாராவது இதை வைத்து ஒரு வேலை செய்ய மாட்டார்களா என்று ரொம்ப நாளாகக் காத்திருக்கிறேன்.

ஏனென்றால் கொங்கில் 'நினைவு' என்று செய்வதில் முக்கால்வாசி ஏக்கம். நெடுஞ்சாலை ஓட்டல்களைப் பாருங்கள், சுவரில் வண்டிச்சக்கரம், மூலையில் ஆட்டுக்கல், வாசலில் மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைத்த ஒரு கவலைச் சால். கலைக்கூடத்துக்குள்ளும் அதே சாமான்கள் கொஞ்சம் நல்ல வெளிச்சத்தில் வந்துவிடுகின்றன. கூட்டாளி ஒருத்தன் காங்கேயம் பக்கம் தோட்டத்துக் கிணற்றடியைத் துப்புரவு செய்து, அப்பாரு காலத்துக் கவலைச் சாலைத் தொங்கவிட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறான். 1930களில் பைக்காரா மின்சாரம் வந்து, அப்புறம் ஒவ்வொரு தோட்டமாக மோட்டார் வந்ததும் கவலை ஓட்டுவது நின்றுபோனது, அந்தக் கதையை நன்றாகவே சொல்லுவான். ஒன்றை மட்டும் சொல்ல மாட்டான். அந்தத் தோல் பையைத் தைத்தது யார்? விடிகாலை மூன்று மணிக்கு மாட்டைப் பூட்டி ஓட்டியது யார்? பெரும்பாலும் பண்ணையத்தில் இருந்த அருந்ததியர். அவர் தைத்த பையில் வந்த தண்ணீரை அவருக்கு மேலேயிருந்து ஊற்றினார்கள், குடிக்கத் தேங்காய்த் தொட்டி. கவலைச் சாலுக்குப் பக்கத்தில் ஒரு தேங்காய்த் தொட்டியையும் வைத்தால் அது நினைவு பற்றிய கண்காட்சி. வைக்காவிட்டால் ஓட்டல் வாசல். இதைக் கூட்டாளியிடம் சொன்னேன், "நீ எதையும் நிம்மதியா ரசிக்க மாட்டியா" என்றான். அதுவும் உண்மைதான்.

குழுக் கண்காட்சி என்ற வடிவத்துக்கு இங்கேதான் வேலை. ஒரே தேதிக்கு இரண்டு மூன்று ஞாபகங்கள் இருக்கின்றன, ஒரு ஓவியரால் எல்லாவற்றையும் சுமக்க முடியாது. நொய்யலையே எடுத்துக்கொள்வோம். ஒரத்துப்பாளையம் அணை 1992ல் பாசனத்துக்கென்று கட்டியது, சாயக்கழிவு வந்து தேங்கி, கடைசியில் அணையைத் திறக்காதீர்கள் என்று கீழே இருக்கிற விவசாயிகளே சொல்லும் நிலைமை வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கரூர்ப் பக்கத்து விவசாயிக்கு அது நியாயம் கிடைத்த மாசம். மாமாவுக்கு அது டையிங்கிலிருந்து துணி வராமல் மிஷின்கள் சும்மா நின்ற மாசம். ஒடிசாவிலிருந்து வந்து தங்கியிருந்த தையல்காரப் பையனுக்கு அது ஊருக்கு ரயில் ஏறிய மாசம். மூன்றையும் ஒரே அறையில் மாட்டினால் பார்க்கிறவர் நடுவில் நின்றாக வேண்டும். கோவையின் மில்களும் அப்படித்தான், 1888ல் ஸ்டேன்ஸ் மில்லில் தொடங்கிய பெருமையை ஊர் சொல்லும், 1946 ஜனவரி 8ல் தூக்கிலிடப்பட்ட சின்னியம்பாளையம் தொழிலாளிகள் நால்வரைத் தொழிற்சங்கக்காரர்கள்தான் வருஷா வருஷம் நினைக்கிறார்கள். 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்பில் 58 பேர் இறந்தார்கள், அதற்கு முந்தைய நவம்பரில் கலவரம். உக்கடத்துக்காரருக்கும் ஆர்.எஸ்.புரத்துக்காரருக்கும் அந்த மூன்று மாசம் ஒரே மாதிரி ஞாபகம் இருக்காது. அதைத் தொட இங்கே ஓவியர்கள் தயங்குவதை நான் குறை சொல்ல மாட்டேன், காயம் ஆறவில்லை. ஆனால் 'நினைவு' என்று பெயர் வைத்துவிட்டு ஊரே தயங்குகிற இடத்துக்குப் பக்கத்தில்கூடப் போகாத கண்காட்சியில் கொஞ்சம் காற்றுக் குறைவாகத்தான் இருக்கும்.

நம் முன்னோர்கள் தயங்கவில்லை என்பதும் ஆச்சரியம்தான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோவையில் பிளேக் வந்து ஆட்கள் செத்து, ஊரைக் காலி செய்து ஓடியபோது, அந்த நோயின் பேரையே சாமிக்கு வைத்து பிளேக் மாரியம்மன் கோயில் கட்டினார்கள். ஆங்கிலச் சொல்லும் அம்மனும் ஒரே பெயர்ப்பலகையில். பயத்தை மறைக்காமல் அதற்கு மஞ்சள் பூசிக் கும்பிட்டது, நான் பார்த்த பல நினைவுச் சின்னங்களை விட நேர்மையாகப் படுகிறது.

பொருள் பற்றி ஒரு வார்த்தை. ஞாபகத்துக்குக் கண்ணை விட மூக்கு கெட்டி. பெனிதா பெர்சியாள் 2014 கொச்சி பியனாலேயில் வாசனைப் பிசின்கள், மசாலாப் பொருட்கள் எல்லாம் சேர்த்து மனித உருவங்கள் செய்திருந்தார், அந்தச் சிற்பங்களை மூக்காலும் பார்க்க வேண்டும். நம் பக்கம் கஞ்சி போட்ட பாவின் (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்) வாசத்தையோ, கொப்பரைக் களத்து வாசத்தையோ யாராவது ஒரு அறைக்குள் கொண்டுவந்தால் சுவர்க்குறிப்பே எழுத வேண்டியதில்லை. சுவர்க்குறிப்பு என்றதும் சொல்லிவிடுகிறேன், அதை முதலில் படிக்காதீர்கள். பெரும்பாலும் அது இன்னொரு கியூரேட்டருக்காக எழுதியது.

அன்றைக்கு மாமா சுவர்க்குறிப்பு எதையும் படிக்கவில்லை, கண்ணாடியைக் காரிலேயே விட்டுவிட்டார். அறையின் கோடியில் ஒரு வேலை இருந்தது. தறி இல்லை, துணி இல்லை, சுவரிலிருந்து சுவருக்கு இழுத்துக் கட்டிய பாவு மட்டும். ஒரு பாதி பழுப்பேறிய பழைய நூல், மறுபாதி சிவப்பு, நடுவில் இரண்டும் சேருகிற இடத்தில் வரிசையாகச் சின்னச் சின்ன முடிச்சுகள். நான் அழகாக இருக்கிறது என்று நினைத்துவிட்டு நகரப் பார்த்தேன். மாமா நகரவில்லை. அவருடைய அப்பா, எங்கள் அப்புச்சி, சென்னிமலையில் குழித்தறியில் பெட்ஷீட் நெய்தவர். பாவு தீரும்போது தறியிலிருந்து பழைய நூலை முழுக்க உருவிவிட மாட்டார்கள். விழுதிலும் அச்சிலும் கோத்திருக்கிற பழைய நுனிகளை அப்படியே விட்டு, புதுப்பாவின் ஒவ்வொரு இழையையும் பழைய பாவின் ஒவ்வொரு நுனியோடு சேர்த்து, சாம்பலைத் தொட்டுக்கொண்டு விரலால் முறுக்குவார்கள், ஆயிரக்கணக்கான இழைகள், வீட்டுப் பெண்களும் வயசானவர்களும் உட்கார்ந்து செய்கிற வேலை. அச்சு பிணைப்பது என்பார்கள். பிணைத்து முடித்து மெதுவாக இழுத்துவிட்டால் புதுப்பாவு பழைய பாவு போன தடத்திலேயே வந்து உட்கார்ந்துவிடும். பழைய நுனி இல்லையென்றால் ஒவ்வொரு இழையாக முதலிலிருந்து கோக்க வேண்டும், அது லேசில் முடியாது.

மாமா குனிந்து, கண்ணைச் சுருக்கி, முடிச்சு முடிச்சாகப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒரு இடத்தில் நின்றார். "இங்க ஒண்ணு விட்டுப்போச்சு பாரு" என்றார். பார்த்தேன். ஒரு பழைய நுனி யாரோடும் சேராமல் தொங்கிக்கொண்டிருந்தது, பக்கத்தில் ஒரு சிவப்பு இழையும் தனியாக. வேண்டுமென்றே விட்டதா, தவறிப்போனதா, தெரியவில்லை. மாமாவின் வலது கை தானாக மேலே போனது, கட்டை விரலும் ஆட்காட்டி விரலும் சேர்ந்து முறுக்குகிற மாதிரி. "தொடக்கூடாதுங்க" என்று காவலுக்கு இருந்த பையன் மரியாதையாகத்தான் சொன்னான். மாமா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். இன்னும் பத்து நிமிஷம் அங்கேயே நின்றார்.

திரும்பி வரும்போது நீலாம்பூர் தாண்டுகிற வரைக்கும் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "டிக்கெட் ஏதும் இருக்குதா அங்க?" என்றார்.

"இல்லீங்க மாமா, சும்மாதான்."

"அப்ப செரி. சென்னிமலையில இன்னும் கூலிக்கு அச்சு பிணைக்கற ஒரு அம்மா இருக்குது, எம்பத்திச் சொச்சம் வயசு. ஞாயித்துக்கெழமை கூட்டியாந்து காட்டலாம். அது பாத்தா சொல்லிப்போடும், வேணும்னு விட்டதா, கை தவறுனதான்னு."

கண்காட்சி சனிக்கிழமையோடு முடிகிறது என்று அவரிடம் சொல்ல வேண்டியதாகிவிட்டது.